குட்டைத் தக்காளி

சென்னையிலிருந்து ஒரு சகோதரி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில். தோட்டம் என்று சொல்லிக்கொள்வதற்கு அவருக்கு இருப்பது ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள ஒரு பால்கனி. அதிலும் ஒரு பாகத்தைத் துணி துவைக்கும் இயந்திரம் ஆக்கிரமித்துக்கொண்டிருக்கிறது. ரஸத்துக்கு நறுக்கிய பழத்தின் விதைகளை ஒரு வாளி மண்ணில் தூவினாராம். ஒன்று முளைத்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போயிற்று. எட்டடி உயரம் சென்று, மேல் வீட்டுக்காரர் துணி உலர்த்தும் கொடியைப் பற்றிக்கொண்ட பிறகுதான் அதற்குக் காய்க்கலாம் என்று தோன்றியது. கண்ட பலன் மூன்று பழம். அவற்றில் இரண்டை மேல் வீட்டுக்காரர் பறித்துக்கொண்டார். “அவரைக் குறை சொல்வதற்கில்லை; அவருடைய ஆகாயத்தில் பழுத்தது அவருடையதுதானே? ஆனால் எங்களைப் போன்றவர்கள் தக்காளி பயிரிட வழி உண்டா, இல்லையா? அதைச் சொல்லுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

வழி உண்டு. சகோதரியின் கையிலும் குற்றமில்லை, பால்கனியிலும் குற்றமில்லை. குற்றம் அவர் விதைத்த விதையில் இருக்கிறது.

தக்காளியின் பிறந்த வீடு தென் அமெரிக்காவின் மேற்குப் பகுதி. அதைப் பயிராகப் பண்படுத்திப் பெருக்கியவர்கள் மெக்ஸிகோ தேசத்தார். பதினாறாம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போய், பின்னர் போர்த்துகீசியருடைய கப்பல்களில் நம்மிடம் வந்து சேர்ந்தது. வீட்டுக் கொல்லையில் தானாக முளைக்கும் மணத்தக்காளியையே அறிந்திருந்த நம் முன்னோர், வந்த விருந்தாளிக்குச் ‘சீமைத் தக்காளி’ என்று பெயரிட்டார்கள். நாளடைவில் சீமை உதிர்ந்து தக்காளி மட்டும் நின்றது. இந்தப் பூர்வோத்தரத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறந்த மண்ணில் இது ஆண்டுக் கணக்காகத் தரையில் படர்ந்து போகும் ஜாதி. நிற்க வேண்டும் என்ற எண்ணமே அதன் இயல்பில் இல்லை. மேல் வீட்டுக் கொடியைப் பற்றிய செடி தன் குல வழக்கப்படிதான் நடந்துகொண்டது.

நிற்கத் தெரிந்த தக்காளி எப்படி வந்தது என்பது ருசிகரமான கதை. 1914-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாரிடா மாகாணத்தில், வழக்கமான பயிரின் நடுவே ஒரு விசித்திரமான செடி தென்பட்டது. அதன் ஒவ்வொரு கிளையும் ஓர் அளவுக்கு வளர்ந்து, நுனியில் பூங்கொத்தை வைத்துவிட்டு, “இவ்வளவு போதும்” என்று நின்றுவிட்டது. வட டகோட்டாவில் வேலை செய்த யீகர் என்னும் தோட்டக்கலை அறிஞர், ஒரே ஒரு மரபணுவின் மாறுதலே இதற்குக் காரணம் என்று 1927-இல் எழுதினார். இன்று உலகத்துத் தொழிற்சாலைகள் பிழிந்து புட்டியில் அடைக்கும் தக்காளியெல்லாம் பெரும்பாலும் இந்தத் தானே நிற்கும் ஜாதிதான்.

இதற்கு முற்பட்டே, வேறொரு வழியில் குட்டையான ஜாதியும் உண்டு. அது வளர்ச்சியை நிறுத்துவதில்லை, நிதானப்படுத்துகிறது. கணுவுக்குக் கணு இடைவெளி குறுகி, தண்டு கட்டைவிரல் போல் தடித்து, இலை கரும்பச்சையாகச் சுருங்கி, செடி ஒரு சிறு மரம் போல் விறைப்பாக நிற்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பிரான்ஸிலும் அமெரிக்காவிலும் இத்தகைய ரகங்கள் தோட்டக்காரர்களிடம் இருந்தன. இரண்டு இயல்புகளும் ஒருங்கே சேர்ந்தால் கிடைப்பது உள்ளங்கைச் செடி. யீகர் பின்னாளில் பணியாற்றிய நியூ ஹாம்ப்ஷயர் சர்வகலாசாலையிலிருந்து 1940-களில் ‘டைனி டிம்’ என்ற சிறு ரகம் வெளிவந்தது. 1989-இல் பிளாரிடாவில் வெளியிடப்பட்ட ‘மைக்ரோ டாம்’ ஒரு சாணுக்கு மேல் வளர்வதில்லை. விஞ்ஞானிகள் அதை ஆராய்ச்சிசாலையின் அலமாரித் தட்டிலேயே வளர்க்கிறார்கள்.

அந்த உள்ளங்கைச் செடியை நாமும் ஒரு வருஷம் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தோம். கண்ணுக்கு வெகு அழகு. வந்தவர்கள் எல்லாரும் விசாரித்தார்கள். பழம் கோலிக்குண்டு அளவு. ருசியைப் பற்றிக் கேட்டால், குழந்தைகள் பறித்துத் தின்னலாம், ரஸத்துக்கு ஆகாது என்பதே நமது அபிப்பிராயம். வேறு அபிப்பிராயம் உள்ளவர்களோடு நமக்குச் சண்டை இல்லை.

நம் நாட்டிலும் அடக்கமான ரகங்கள் உண்டு. பெரியகுளத்துத் தோட்டக்கலைக் கல்லூரியார், தேனிக்கு அருகே வழங்கிய ‘அன்னஞ்சி’ என்னும் உள்ளூர்த் தக்காளியில் செயற்கையாக மாறுதல் உண்டாக்கி எடுத்தது பி.கே.எம். 1. கோயம்புத்தூரார் அதே முறையில் எடுத்த கோ 3-க்கு ‘மருதம்’ என்று அழகான பெயர். நெருக்கி நடுவதற்கு ஏற்ற கட்டான செடி. ஓரடி வாய் அகலமுள்ள தொட்டியில் இவை இரண்டுமே சந்தோஷமாக வாழும். இவற்றின் விதையை வீட்டிலேயே எடுத்து மறுபடி விதைக்கலாம் என்பது இன்னும் பெரிய நன்மை.

இந்த இடத்தில் சற்று நின்று பேச வேண்டியிருக்கிறது.

இக்காலத்தில் வண்ணப் பொட்டலங்களில் விற்கும் தக்காளி விதைகளில் பெரும்பாலானவை வீரிய ஒட்டு விதைகள். இரண்டு வேறு ரகங்களைக் கலந்து பிறந்த முதல் தலைமுறை அது. காய்ப்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்து விதைத்தால், பாட்டனும் பாட்டியும் கொள்ளுப் பாட்டியும் ஆளுக்கொரு செடியில் எட்டிப் பார்ப்பார்கள். ஒரு கடையில் வாங்கிய குட்டை ரகம் ஒன்று நமக்கு அமோகமாகக் காய்த்தது. பேராசையால் அதன் விதையைச் சேர்த்து, மறு வருஷம் பன்னிரண்டு செடி வைத்தோம். ஐந்து செடி நெடுங்கொடியாக ஓடின. ஒன்றில் பழம் புளியங்கொட்டை அளவு. இன்னொன்று பூத்ததோடு சரி. தாயைப் போல் ஒன்று கூட இல்லை. பொட்டலத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் ‘ஒட்டு ரகம்’ என்று அச்சிட்டிருந்ததைப் பிற்பாடுதான் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசித்தோம்.

பரம்பரை விதை அப்படியல்ல. தக்காளிப் பூவில் மகரந்தப் பைகள் ஒரு கூம்பு போல் கூடி, சூல் தண்டைச் சுற்றி மூடிக்கொண்டிருப்பதால், அது பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுகிறது. ஆகவே பல தலைமுறையாக ஒரே குணம் நிலைத்த ரகம், அடுத்த தலைமுறையிலும் அதே குணத்தோடு பிறக்கும். பாட்டி கொடுத்த விதை பேத்தி காலத்திலும் பாட்டியின் பழத்தையே கொடுக்கும். 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டமும், விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்கவும், விதைக்கவும், பிறருடன் பரிமாறிக்கொள்ளவும் விவசாயிக்குள்ள உரிமையை ஒப்புக்கொண்டிருக்கிறது.

உரிமை இருந்தும் பழைய ரகங்கள் ஏன் மறைகின்றன? தோட்டத்துக்கும் சந்தைக்கும் இடையேயுள்ள பாதைதான் காரணம். மொத்த வியாபாரி கேட்பது, கூடைமேல் கூடை அடுக்கி லாரியில் இருநூறு மைல் போனாலும் நசுங்காத தடித்த தோல். புளிப்பும் சாறும் நிறைந்து, தோல் மெலிந்த நாட்டுப் பழம் அந்தப் பிரயாணத்தைத் தாங்காது. தாங்காததை வாங்குவாரில்லை, வாங்காததை விதைப்பாரில்லை. ஆனால் பால்கனியிலிருந்து அடுப்பங்கரைக்கு எத்தனை மைல்? பத்தடி இருக்குமா? சந்தையில் இடமில்லாமற்போன பழத்துக்கு, சகோதரியின் ஆறடி நீள பால்கனியில் தாராளமாக இடம் இருக்கிறது. ஆகையால்தான், இடம் குறைந்தவர்கள் கண்டதை விதைக்காமல், கடையில் கிடைக்காத பழைய குட்டை ரகத்தையே விதைக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி ஏறியபோது, தமிழ்நாட்டு அரசாங்கம் ரேஷன் கடைகளில் அறுபது ரூபாய்க்கு விற்க ஏற்பாடு செய்தது. நாலு தொட்டிச் செடி ஒரு குடும்பத்தை அத்தகைய பஞ்சத்திலிருந்து காப்பாற்றிவிடும் என்று நாம் சொல்லத் துணியோம். நாலு தொட்டி கொடுப்பது வாரத்தில் இரண்டு மூன்று நாள் ரஸத்துக்கு ஆகும். அதுவும் சில வாரங்களுக்குத்தான். காசுக் கணக்குப் பார்த்து இறங்குகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

நமக்கு இந்த விஷயத்தில் வந்த அக்கறைக்கு மூலகாரணம் சித்தி. தேனிப் பக்கத்தில் ஒரு சிற்றூரில் இருந்தார். கிணற்றடியில் முழங்கால் உயரத்துக்குப் புதராக நிற்கும் ஒரு தக்காளியை வருஷந்தோறும் வைப்பார். பழம் தட்டையாக, பூசணி போல் வரிவரியாக, காம்படியில் எப்போதும் சிறிது பச்சை மாறாமல் இருக்கும். கிள்ளினால் சாறு வழியும். முதலில் பழுத்ததை யாரும் தொடக்கூடாது என்பது சித்தியின் சட்டம். அது விதைக்கு. சாம்பலில் புரட்டி உலர்த்தி, பழைய வேட்டித் துணியில் முடிந்து, அடுக்களை உறியில் கட்டிவிடுவார். ஒரு முறை அந்த முடிச்சில் ஒன்றை நம் கையில் கொடுத்து, “பட்டணத்தில் வைத்துப் பார்” என்றார். நாமும் வாங்கிக்கொண்டு வந்து அலமாரியில் போட்டோம். ஆறு வருஷம் அது அங்கேயே கிடந்தது. ஊரிலிருந்து துக்கச் செய்தி வந்து, போய்த் திரும்பிய பிறகே முடிச்சின் ஞாபகம் வந்தது. கிணற்றடியில் அதற்குள் சிமிண்டுத் தளம் போட்டுவிட்டார்கள். உறியும் இல்லை.

எண்ணிப் பார்த்ததில் நாற்பத்தொரு விதை. நன்றாக உலர்ந்து, குளிர்ந்த இடத்தில் இருந்தால் தக்காளி விதை நாலைந்து வருஷத்துக்கு மேலும் உயிரோடிருக்கும். கடற்கரைப் பட்டணத்துப் புழுக்கம் அதை விரைவில் கெடுத்துவிடும். இருபதை விதைத்தோம், ஒன்று கூட முளைக்கவில்லை. மிச்சம் இருபத்தொன்றை விதைத்ததில் மூன்று முளைத்தன. ஒன்று நாற்றழுகலில் சாய்ந்தது. ஒன்றை அணில் கடித்துப்போட்டது. ஒன்று நின்றது. அந்த ஒரு செடியை வைத்துக்கொண்டு நாம் கற்ற பாடங்களையே இனிச் சொல்லப் போகிறோம்.

முதலாவது, காலம். தக்காளிக்கு வெயில் வேண்டும், வெப்பம் வேண்டாம். பகலில் 35 டிகிரிக்கு மேலும், இரவிலும் தணியாமலும் வெப்பம் இருந்தால் மகரந்தம் கெட்டுப் பூவெல்லாம் உதிரும். சித்திரையில் பூக்கிற செடியைப் பார்த்து உரம் போதவில்லை என்று எண்ணி உரத்தைக் கொட்டுகிறவர்கள் அநேகர். சென்னையில் இருப்பவர்கள் கார்த்திகையில் விதைத்து, மழைச்சாரல் படாமல் நாற்றைக் காப்பாற்றி, மார்கழியில் தொட்டிக்கு மாற்றினால், மாசி பங்குனியில் பழம் பார்க்கலாம். அம்மாதங்களில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் தெற்குப் பார்த்த பால்கனிக்கு நல்ல வெயில் கிடைக்கும். வடக்குப் பார்த்த பால்கனிக்காரர்கள் கீரையோடு திருப்தியடைவது நலம். தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் இல்லாத இடத்தில் செடி உயரும், இலை விடும், காய்க்காது.

விதையைக் கால் அங்குல ஆழத்துக்கு மேல் புதைக்க வேண்டாம். நம் ஊர்ச் சூட்டில் ஐந்து முதல் பத்து நாளுக்குள் முளைக்கும். முளைத்தபின் அன்பு மிகுதியால் தண்ணீர் ஊற்றுவதே நாற்றுக்கு எமன். மண் சதா நனைந்திருந்தால் பூஞ்சணம் பிடித்து, தண்டு தரையோடு இற்று, நாற்று ஒரே இரவில் சாய்ந்துவிடும். மேல்மண் உலர்ந்த பிறகே நீர் தெளிக்கலாம். குட்டை ரகத்தின் நாற்று, மூன்றாவது இலை விடும்போதே கரும்பச்சை நிறத்தாலும் கட்டைத் தண்டாலும் தன்னைக் காட்டிக்கொள்ளும். நெட்டையும் குட்டையும் கலந்து முளைத்திருந்தால் அப்போதே பிரித்துவிடலாம். தொட்டிக்கு மாற்றும்போது, முதல் இலை வரை தண்டைப் புதைத்து நடுங்கள்; புதைந்த பாகமெல்லாம் வேர் விடும்.

தொட்டி விஷயத்தில் நாம் வைதிகர்கள் அல்ல. மண் தொட்டி அழகு. ஆனால் பால்கனி தாங்குமா என்று யோசிக்க வேண்டும். வர்ணம் வந்த இருபது லிட்டர் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் நாலு துளையிட்டு, ஓட்டுச் சில்லு வைத்தால் அதுவே போதும். உள்ளங்கைச் செடிகளுக்கு ஆறங்குலத் தொட்டியே ஏராளம். செம்மண், மட்கிய தொழு உரம், தென்னை நார்க் கழிவு மூன்றும் சம அளவு. அதோடு ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. வெறும் மண்ணை நிரப்பினால் இறுகிக் கல்லாகிவிடும்.

பக்கக் கிளைகளைக் கிள்ளிவிட வேண்டும் என்று புத்தகத்தில் படித்து, சித்தியின் செடியில் இரண்டு கிளைகளைக் கிள்ளினோம். நல்ல வேளையாக வீட்டில் தடுத்தார்கள். அந்த உபதேசம் நெடுங்கொடிக்கு உரியது. தானே நிற்கும் ஜாதியில் காய்ப்பதே அந்தக் கிளைகள்தான். கிள்ளினால் வருஷத்துப் பலனைக் கிள்ளியதாகும்.

பூத்ததும் புதுக் கவலை ஒன்று வந்தது. கீழே நிலத்தில் காற்றும் வண்டும் பூவை உலுக்குகின்றன. தச்சு வண்டு போன்றவை பூவைப் பிடித்துக்கொண்டு ரீங்காரம் செய்யும் அதிர்ச்சியில் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். தேனீக்கு அந்த வித்தை தெரியாது. மூன்று பக்கம் சுவரடைத்த மாடியில் யார் வருவார்? காலை பத்து மணி சுமாருக்கு, பூங்கொத்தின் காம்பை விரலால் மெல்லச் சுண்டிவிடுவதே வழி. மின்சாரப் பல்துலக்கியின் பின்புறத்தைக் காம்பில் வைத்து வண்டாக நடிப்பவர்களும் உண்டு. நம் வீட்டில் அதற்கு அனுமதி கிடைக்கவில்லை. பொடி போடுகிறவர்களும் சுருட்டுப் பிடிக்கிறவர்களும் கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் செடியைத் தொடலாகாது. புகையிலைக்கும் தக்காளிக்கும் உறவு நெருக்கம். புகையிலையின் தேமல் நோய் விரல் வழியே வந்துவிடும்.

காயின் அடிப்புறம் கறுத்து அழுகினால் பூச்சி என்று மருந்து தேடவேண்டாம். ஒரு நாள் வறட்சி, மறுநாள் வெள்ளம் என்று தண்ணீர் காட்டுவதால் சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேராததே காரணம். ஒழுங்காக நீர் விட்டு, மண்ணின் மேல் காய்ந்த இலைகளைப் பரப்பி வைத்தால் அடுத்த காய்கள் தேறும். இலைச்சுருள் நோய் வந்தால் மட்டும் இரக்கம் கூடாது. வெள்ளை ஈ கொண்டுவரும் அந்த நோய்க்குச் சிகிச்சை இல்லை. செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டியதுதான். வருமுன் காக்க, மஞ்சள் அட்டையில் ஆமணக்கெண்ணெய் தடவிச் செடியருகே தொங்கவிடுங்கள். நம் ஒற்றைச் செடிக்கு இருபுறமும் இரண்டு அட்டை தொங்கின. தினம் காலையில் இலையைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் பத்திரிகையைப் பிரிப்போம்.

அந்தச் செடி பதினேழு பழம் கொடுத்தது. வரிவரியாக, காம்படியில் பச்சையோடு. முதல் நான்கையும் யாரும் தொடவில்லை.

விதையெடுக்கும் முறையில் மட்டும் சித்தியின் சாம்பலை விட்டுவிட்டோம். நன்றாகக் கனிந்த பழத்தின் சாற்றையும் விதையையும் ஒரு கண்ணாடிக் குவளையில் பிழிந்து, இரண்டு நாள் புளிக்க விட வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பில் முளைப்பைத் தடுக்கும் சத்து இருக்கிறது. புளிப்பில் அது கரையும். மேலே ஆடை படரும். நாற்றமும் கொஞ்சம் வீசும். விருந்தினர் வரும் நாளைத் தவிர்த்து வைத்துக்கொள்வது உத்தமம். பிறகு நீர் விட்டு அலசினால் நல்ல விதை அடியில் தங்கும், சொத்தை மிதக்கும். பீங்கான் தட்டில் பரப்பி நிழலில் உலர்த்த வேண்டும். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. உலர்ந்ததைக் காகித உறையிலிட்டு, பெயரும் வருஷமும் எழுதி, மூடி இறுகிய புட்டியில் அடைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம்.

ஒரே வீட்டில் வைத்திருப்பது ஆபத்து என்று புத்தி வந்துவிட்டதால், ஐந்து வீடுகளுக்குக் கொடுத்திருக்கிறோம். ஒரு வீட்டில் மறந்துவிட்டார்கள். இன்னொரு வீட்டில் நம்மைவிட நன்றாகக் காய்த்தது; அதை ஒப்புக்கொள்ளச் சிறிது சிரமமாக இருந்தது. வெளிநாட்டில் இதையே பெரிய அளவில் செய்கிறார்கள். அமெரிக்காவின் கிரெய்க் லெஹூலியரும் ஆஸ்திரேலியாவின் பட்ரீனா நஸ்கி ஸ்மாலும் தொடங்கிய முயற்சியில், பழைய குட்டை ரகங்களையும் ருசிமிக்க நெட்டை ரகங்களையும் கலந்து, வீட்டுத் தோட்டக்காரர்களே புதுக் குட்டைகளை உருவாக்கியிருக்கிறார்கள். கலந்த முதல் தலைமுறை முழுவதும் நெட்டை. அடுத்ததில் நாலில் ஒன்று குட்டை. அதில் பொறுக்கிப் பொறுக்கிக் குணம் நிலைக்கும்வரை பல தலைமுறை விதைக்க வேண்டும். வட கோளத்தில் குளிர்காலமாக இருக்கும்போது தென் கோளத்தில் கோடையாதலால், விதை தபாலில் போய் வந்து வருஷத்துக்கு இரண்டு தலைமுறை கண்டது.

நமது சகோதரிக்கு இன்றைய தபாலில் சித்தியின் விதை பதினைந்து போகிறது. தபால் முத்திரை குத்தும்போது நசுங்காமலிருக்கக் காலித் தீப்பெட்டியில் பஞ்சு வைத்து அனுப்பியிருக்கிறோம். கார்த்திகை பிறந்ததும் பத்தை விதைத்து, ஐந்தைத் தொடாமல் வைத்திருக்கட்டும். இச்செடி முழங்காலுக்கு மேல் போகாது. ஆகவே மேல் வீட்டுக்காரருக்கு இனி ஆகாய மார்க்கமாகப் பழம் கிட்டாது. அவருக்கென்று தனியாக ஐந்து விதை, மற்றொரு தீப்பெட்டியில், கூடவே வருகிறது.